நாடா தீர்ந்த இடம்: டோக்கியோ நாட்குறிப்பு

முதல் நாள், நவம்பர் 1, நிஷி-கசாய்

நரிடாவில் இறங்கி, பஸ் பிடித்து, தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாலை ஆறு மணி. சித்தி மகன். இங்கே வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. நிஷி-கசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. படியேறும்போதே எந்த வீட்டிலிருந்தோ கடுகு தாளிக்கும் வாசனை வந்தது.

"அண்ணா, ஏழு நாள் லீவு போட்டு வந்திருக்கீங்க. ஃபுஜி மலை, கியோத்தோ எதுவும் வேண்டாமா? வெறும் ரெக்கார்டு கடைதானா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1986. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர். பாட்டுகளைப் பேப்பரில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். எனக்குப் பதிமூன்று வயது. கடைக்காரர் அண்ணனின் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு இரட்டை எல்பி ரெக்கார்டு கொண்டுவந்திருந்தார். "தம்பி, பாட்டே இல்லாத படத்து மியூசிக் ஒண்ணு இருக்கு. ராக்கெட்டுப் படம். போட்டுத் தரவா?" என்றார். என்னிடம் இருந்தது டிடிகே 60 நிமிட கேசட். அதில் போட்டுத் தந்தார்.

அது 'ஸ்டார் வார்ஸ்'. ஜான் வில்லியம்ஸ் இசையமைத்து, 1977 மார்ச்சில் இங்கிலாந்தின் டென்ஹாமில் அன்வில் ஸ்டுடியோவில் லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கேசட் மேல் 'இங்கிலீஷ் மியூசிக்' என்று பேனாவில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். அந்த இரட்டை எல்பி சுமார் 74 நிமிடம் ஓடும். என் கேசட்டோ 60. நான்காவது பக்கத்தில் வரும் 'கடைசிப் போர்' பகுதியில் பித்தளை வாத்தியங்கள் மேலே ஏறத் தொடங்கிய இடத்தில் நாடா தீர்ந்து டேப் ரெக்கார்டரின் பொத்தான் 'டக்' என்று மேலே வரும். அந்தப் போர் எப்படி முடிகிறது என்பதை நான் காதால் கேட்டது பன்னிரண்டு வருஷம் கழித்து.

அறிவியல் புனைவுப் படங்களின் இசையைச் சேர்க்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். ஒரே இசையை எல்பியிலும் கேசட்டிலும் குறுந்தகட்டிலும் தேடி வாங்குவதற்கும் அந்த 'டக்'தான் காரணம். எதில் பதிந்திருக்கிறதோ அது கொடுத்த இடத்துக்குள்தான் இசை இருக்க முடியும். எதை உள்ளே விட்டார்கள், எதை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

அந்த டிடிகே என்பது 'டோக்கியோ டென்கி ககாகு' என்ற பெயரின் முதலெழுத்துகள். டோக்கியோ மின் வேதியியல் என்று அர்த்தம். 1935இல் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளைச் செய்வதற்காக இந்த ஊரில் தொடங்கிய நிறுவனம். திண்டுக்கல்லில் என் கையில் இருந்த பழுப்பு நாடா இங்கிருந்து வந்தது. முதல் பயணம் இந்த ஊருக்குத்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டதோ என்னவோ.

இரண்டாம் நாள், நவம்பர் 2, ஜிம்போச்சோ

தோசாய் ரயிலில் குதான்ஷிதா, அங்கிருந்து நடை. ஜிம்போச்சோ பழைய புத்தகங்களின் பேட்டை. ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை இங்கே பழைய புத்தகத் திருவிழா நடக்கும். நடைபாதை முழுக்கத் தற்காலிக அலமாரிகள், அவற்றின் முன்னால் குனிந்து நிற்கும் பெரியவர்கள். புத்தகக் கண்காட்சியில் நாம் கேட்கும் ஒலிபெருக்கிச் சத்தம் இல்லை. பக்கம் புரட்டும் ஓசை கேட்டது.

நான் தேடியது சோனோஷீட். எல்பி கனமான தட்டு. இது காகிதம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள். 1959இல் தொடங்கிய அசாஹி சோனோராமா இதழ் இந்தத் தாள்களைப் பக்கங்களோடு சேர்த்து வெளியிட்டது. அறுபதுகளில் ராட்சத மிருகப் படங்கள் பெருகியபோது, குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களில் இவற்றை வைத்து விற்றார்கள். எல்பி வாங்க வசதியில்லாத வீட்டுக்குள் படத்தின் சத்தம் நுழைந்தது இந்தத் தாள் வழியாகத்தான்.

இரண்டாம் மாடியில், சினிமாப் பொருள்கள் மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடை. உரிமையாளருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கைபேசி மொழிபெயர்ப்பைக் காட்டி, "ராட்சத மிருகம், சோனோஷீட்" என்றேன். ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, தன் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். நிதானமாகப் பாருங்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எடுத்தது சிவப்புத் தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னால் என் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஒரு ஓரத்தில் லேசான மடிப்பு. நடுத்துளையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள்: ஏதோ ஒரு பையனோ பெண்ணோ துளையைத் தேடித் தேடி பிளேயரின் நடுத்தண்டில் மாட்டிய தடம். அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. அத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதைக் குறை என்று விலையில் கழிப்பார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. 1,200 யென்.

தம்பி அலுவலக நண்பரிடமிருந்து ஆடியோ-டெக்னிகாவின் சவுண்ட் பர்கர் வாங்கி வைத்திருந்தான். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரெக்கார்டு பிளேயர். எண்பதுகளில் வந்து நின்றுபோனதை இப்போது ப்ளூடூத்தோடு மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு மூடி நடுவே தட்டைக் கடித்துப் பிடித்தது போல இருக்கும், ரெக்கார்டு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். சோனோஷீட்டை அப்படியே வைத்தால் ஓரம் தொங்கிவிடுகிறது. கீழே ஒரு 45 ரெக்கார்டை வைத்து, அதன் மேல் தாளை விரித்தோம். ஊசியை வைத்ததும் சலசலப்பு, அப்புறம் ஒரு ஆண் குரல் கதை சொல்ல ஆரம்பித்தது. பின்னால் தூரத்தில் ஒரு உறுமல். மடிப்பு வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 'தப்', 'தப்' என்று அடித்தது. தம்பி மகள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று கேட்டாள். தமிழிலும் இல்லாத, பள்ளிக்கூட ஜப்பானியத்திலும் இல்லாத ஏதோ ஒரு பழைய பேச்சு. அவளுக்குக் கதை புரிந்தது.

மூன்றாம் நாள், நவம்பர் 3, யுமெனோஷிமா, ஹிபியா

'கோஜிரா' திரைக்கு வந்தது 1954 நவம்பர் 3. உலகம் கோட்ஸிலா என்று சொல்லும் படம். இந்த நாளை வைத்துத்தான் டிக்கெட்டே போட்டேன்.

காலையில் ரெக்கார்டு கடைக்குப் போகவில்லை. நிஷி-கசாய்க்குப் பக்கத்திலேயே யுமெனோஷிமா பூங்காவில் ஒரு படகு இருக்கிறது. ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு. சூரை மீன் பிடிக்கப் போன மரப் படகு. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அதன் சாம்பல் இந்தப் படகில் இருந்த 23 பேர் மேலும் விழுந்தது. படம் வந்தது அதே வருஷம், எட்டு மாதம் கழித்து. படத்தின் முதல் காட்சியும் கடலில் ஒரு கப்பல்தான்.

கூடத்துக்குள் படகு முழுசாக நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பலகை இணைப்புகள் தெரியும். மரத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் இந்தப் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேதான் நினைவுக்கு வந்தார். 1914இல் ஹொக்கைதோ தீவின் குஷிரோவில் பிறந்தவர். இசையைத் தானாகவே கற்றவர். கல்லூரியில் படித்தது வனவியல். யுத்த காலத்தில் மரத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தபோது கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டுப் படுத்தார். அவருடைய அண்ணன் இசாவோவும் கதிர்வீச்சு பாதிப்பால்தான் இறந்தார். அந்த மனிதரிடம் அணுகுண்டிலிருந்து எழுந்து வரும் மிருகத்துக்கு இசை கேட்டிருக்கிறார்கள். அவர் அதைக் குழந்தைகளுக்கான பூச்சாண்டிப் படமாக நினைக்கவே இல்லை. படத்தின் பின்பகுதியில் பள்ளிச் சிறுமிகள் பாடும் அமைதி வேண்டல் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

அந்த உறுமலைப் பற்றி எழுதாமல் விட முடியாது. காண்ட்ராபாஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்திவிட்டு, பைன் பிசின் பூசிய தோல் கையுறையால் அதை இழுத்துத் தேய்த்தார்கள். அந்தச் சத்தத்தை நாடாவில் பதிந்து வேகத்தை மாற்றினார்கள். உலகத்தில் எந்த மிருகத்தின் குரலும் அதில் இல்லை. பிசின், தோல், தந்தி, மரப்பெட்டி. நம் ஊரில் தவில் கலைஞர் வலந்தலையைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்வதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு வாத்தியத்தை இப்படிக் கதறவிடுவதற்கு அதை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

மதியம் ஹிபியா. 'கோஜிரா'வை எடுத்த தோஹோ நிறுவனத்தின் இடம் இது. 2018இல் வைத்த கோட்ஸிலா சிலையைச் சுற்றி இன்று நல்ல கூட்டம். படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து கின்ஸா முக்கில் நின்றேன். படத்தில் மிருகம் உடைக்கிற மணிக்கூண்டு 1932லிருந்து அதே இடத்தில் நிற்கிறது. மூன்று மணி அடித்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான் உண்மையில் பார்க்க வந்தது ஹிபியா பூங்காவுக்குள் இருக்கும் பழைய பொது அரங்கத்தை. 1929இல் கட்டியது. 1983 ஆகஸ்ட் 5 அன்று இங்கேதான் இஃபுகுபேயின் 'எஸ்எஃப் சிம்பொனிக் ஃபேன்டசியா' முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதுவரைக்கும் ராட்சதப் படங்களின் இசை பெரும்பாலும் படத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. மேலே வசனம், அதற்கு மேலே கட்டடம் இடியும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் இசை. அன்றைக்கு டோக்கியோ சிம்பொனி இசைக்குழு மேடையில் உட்கார்ந்து அதை மட்டும் வாசித்தது. சிறுவயதில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கச்சேரியின் பதிவு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எழும் கைதட்டல்தான் எனக்கு அதில் பிடித்த இடம்.

அரங்கம் 2016லிருந்து பூட்டியிருக்கிறது, நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்த வேண்டுமாம். செங்கல் நிறச் சுவரைத் தடுப்புக்கு வெளியே இருந்து பார்த்தேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அந்த 1983 பதிவை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். கைதட்டல் வந்தபோது எதிரே பூட்டிய கதவு. கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

ராத்திரி தம்பியிடம் இன்னொரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். 1957இல் தோஹோ எடுத்த 'சிக்யூ போவேகுன்' படத்துக்கும் இஃபுகுபேதான் இசை. பூமியைக் காக்கும் படை என்று அர்த்தம். அந்தப் படம் பெர்ஸ்பெக்டா என்ற முறையில் வந்தது. ஃபிலிமின் ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு மோனோ ஒலித்தடம். அதற்குள்ளேயே 30, 35, 40 ஹெர்ட்ஸில் மூன்று ரகசிய ஒலிகளைக் கலந்து வைப்பார்கள். காதுக்கு அநேகமாகத் தெரியாது. தியேட்டரில் இருக்கும் கருவி அந்த மூன்றின் பலத்தைப் பார்த்து, சத்தத்தை இடது, நடு, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும். கருவி இல்லாத தியேட்டரில் அதே பிரதி சாதாரண மோனோவாக ஓடும். பணக்காரத் தியேட்டருக்கும் ஏழைத் தியேட்டருக்கும் ஒரே ஃபிலிம்! இப்படி யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

நான்காம் நாள், நவம்பர் 4, ஷிபுயா

மழை. ரெக்கார்டுகளை மழையில் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லை. டவர் ரெக்கார்ட்ஸ் மட்டும் போனேன். மாடி மாடியாக அடுக்கிய கடை. 'கோஸ்ட் இன் த ஷெல்' எல்பி கையில் கிடைத்தது. கென்ஜி கவாய் இசை, 1995 அனிமேஷன் படம். அப்போது குறுந்தகடுதான் ராஜா. அதிகாரபூர்வமான எல்பி வந்தது 2017இல், அதுவும் ஒரு சுவிட்சர்லாந்து லேபிள் வெளியிட்டு. நாட்டுப்புறப் பாடகிகளின் அந்தச் சேர்ந்திசை தட்டுக்கு வர 22 வருஷம் ஆகியிருக்கிறது. வடிவங்கள் எப்போதும் பழையதிலிருந்து புதியதுக்கு மட்டும் போவதில்லை.

அப்புறம் 'லயன்'. 1926லிருந்து இருக்கும் காபிக் கடை, யுத்தத்தில் அழிந்து 1950இல் திரும்பக் கட்டியது. எல்லா நாற்காலிகளும் ஒரே பக்கம், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஸ்பீக்கர்களைப் பார்த்து. பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மேல்நாட்டுச் சாஸ்திரிய இசைதான் வைப்பார்கள். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மழைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 5, நகானோ

நிஷி-கசாயில் ஏறினால் அதே தோசாய் ரயில் நேராக நகானோ. நகானோ பிராட்வே 1966இல் கட்டிய அங்காடி. உள்ளே பழைய பொம்மை, பழைய காமிக்ஸ், அனிமேஷன் வரைந்த செல்லுலாய்டுத் தாள், ரெக்கார்டு என்று கடை கடையாக இருக்கிறது. மந்தராகே என்ற பழைய காமிக்ஸ் கடை 1980இல் இந்தக் கட்டடத்தில் சின்ன இடத்தில் தொடங்கி, இன்று பல மாடிகளில் பரவியிருக்கிறது.

இன்று தேடியது 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ'. 1974இல் தொலைக்காட்சித் தொடர், 1977இல் திரைப்படம். இசை ஹிரோஷி மியாகாவா. தொடருக்காக அவர் எழுதியவை சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் எம்-1, எம்-2 என்று எண். இங்கே சேகரிப்பவர்கள் இசையின் பெயரைச் சொல்வதைவிட எம் நம்பரைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். 1977இல் நிப்பான் கொலம்பியா இந்தத் துண்டுகளை அப்படியே வெளியிடவில்லை. மியாகாவா அவற்றைப் பெரிய இசைக்குழுவுக்காகத் திரும்ப எழுதி, 'சிம்பொனிக் சூட்' என்று ஒரு எல்பியாக ஆக்கினார். ஒரு கார்ட்டூன் தொடரின் பின்னணி இசை சிம்பொனி உடுப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. தொடரில் ஒலித்த அசல் துண்டுகளை முழுசாகக் கேட்க வேண்டும் என்றால் பிற்காலத்துக் குறுந்தகடுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கடையில் கப்பல் படம் போட்ட இரட்டை எல்பி. ஓபியோடு இருந்தது. ஓபி என்பது உறையைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. கிமோனோ இடுப்பில் கட்டும் பட்டைக்கும் அதுதான் பெயர். மெல்லிய காகிதம், முதல் நாளே கிழித்துப் போடுவதற்குத்தான் செய்தது. ஐம்பது வருஷம் ஒருவர் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார் என்பதற்காக விலை இரண்டு மடங்கு ஆகிறது. பணம் கொடுத்து வாங்கிவிட்டேன்.

வீட்டில் வந்து தம்பியிடம் காட்டினேன். ஓபியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "அண்ணா, இது இசை இல்ல. டிராமா-ஹென்னு போட்டிருக்கு. படத்தோட வசனம்" என்றான். ஜப்பானிய எழுத்துத் தெரியாதது எங்கே போய் நிறுத்துகிறது பாருங்கள். மனசு விட்டுப்போச்சு. சரி, வாங்கியது வாங்கியாச்சு என்று பிளேயரில் வைத்தோம்.

வைத்த பத்தாவது நிமிடத்தில் எனக்கு வேறு ஒரு வீடு ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தா வீட்டில் 'திருவிளையாடல்' வசன ரெக்கார்டு இருந்தது. தருமி கேட்பதும் சிவன் சொல்வதும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வீடியோ இல்லாத காலத்தில் படத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி அதுதான். ஜப்பானிலும் அதேதான் நடந்திருக்கிறது. இந்த எல்பியில் வசனத்துக்கு நடுவே எஞ்சின் உறுமுகிறது, தளபதி உத்தரவு கொடுக்கிறார், அடியில் மியாகாவாவின் இசை வந்து வந்து போகிறது. கவனித்துக் கேட்டால் அவை சிம்பொனி எல்பியில் இருக்கும் பெரிய வடிவங்கள் இல்லை. படத்தில் வந்த அந்தச் சின்னத் துண்டுகள்! வசனத்துக்கு அடியில் என்றாலும், 1977இல் அவை வீட்டுக்குள் வந்தது இப்படித்தான். தெரியாமல் வாங்கினது எனக்கு வேண்டியதாகவே இருந்தது. திருப்பிக் கொடுக்கிற எண்ணம் போய்விட்டது.

நிப்பான் கொலம்பியாவைப் பற்றி இன்னொன்று. உலகம் முழுக்க நாடாவில் அனலாக்காகப் பதிந்துகொண்டிருந்த 1972லேயே, இவர்கள் ஒலியை எண்களாக மாற்றிப் பதியும் கருவியை ஸ்டுடியோவில் இறக்கிவிட்டார்கள். 13 பிட், விநாடிக்கு 47,250 மாதிரிகள், அதாவது ஒலியை விநாடிக்கு அத்தனை தடவை அளந்து எண்ணாக்குவது. அவ்வளவு எண்களைத் தாங்கும் ஒலிநாடா அன்று இல்லாததால், தொலைக்காட்சி நிலையங்களின் இரண்டு அங்குல வீடியோ நாடாவில் பதிந்தார்கள். அந்த வழக்கத்தின் மிச்சம் நம் குறுந்தகட்டிலும் இருக்கிறது. அதில் விநாடிக்கு 44,100 மாதிரி. அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஜப்பானிய, அமெரிக்க வீடியோவில் விநாடிக்கு 60 புலம். ஒரு புலம் என்பது பாதிப் படம். ஒரு புலத்தில் பயன்படுத்தக்கூடிய 245 கோடு. ஒரு கோட்டில் மூன்று மாதிரி. பெருக்கிப் பாருங்கள், 44,100. குறுந்தகட்டில் நாம் கேட்கும் எந்தப் பாட்டுக்கும் அடியில் ஒரு பழைய டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறாம் நாள், நவம்பர் 6, ஷிஞ்சுகு

ஷிஞ்சுகுவில் டிஸ்க் யூனியன் கிளைகள் பல. பழைய ரெக்கார்டுகளைத் தரம் பார்த்து, உறைக்குத் தனியாக, தட்டுக்குத் தனியாகச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குவதில் ஒரு நிம்மதி. நம் ஊரில் ஈரப்பதத்தில் உறையில் பூஞ்சை பிடித்து, தட்டைக் கழுவிக் கழுவிக் கேட்கிறவனுக்கு இந்த அலமாரிகள் கோயில் மாதிரி.

'ஃபர்பிடன் பிளானட்' எல்பி இருந்தது. 1956 படம், லூயி பாரன், பீபி பாரன் தம்பதி செய்தது. வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல் மின்சுற்றுகளை மட்டும் வைத்துச் செய்த இசை. சுற்றுகளுக்கு அளவுக்கு மேல் மின்சாரம் கொடுத்து, அவை கத்தி, திணறி, கருகிப்போவதைப் பதிவார்கள். கருகின சுற்றை அப்படியே திரும்பப் பாட வைக்க முடியாது. நாடாவில் விழுந்ததுதான் மிச்சம். படத்தின் பெயர்ப்பட்டியலில் 'இசை' என்றுகூடப் போடவில்லை, 'மின்னணு ஒலிகள்' என்று போட்டார்கள். ரெக்கார்டாக வந்தது 1976இல். இருபது வருஷம்! செத்துப்போன சுற்றுகளின் குரல் அது. என்னிடம் ஏற்கெனவே குறுந்தகடு இருந்தும் வாங்கினேன்.

அப்புறம் 'அகிரா', 1988 அனிமேஷன் படம். இசை கெய்னோ யமாஷிரோகுமி என்ற பெரிய குழு, தலைவர் ஷோஜி யமாஷிரோ. பாலித் தீவின் மூங்கில் வாத்தியமான ஜெகோக், 'நோ' என்னும் பழைய ஜப்பானிய நாடகத்தின் குரல், அஒமோரி ஊர் நெபுதா திருவிழாவில் தேர் இழுக்கும்போது கத்துகிற 'ரஸ்ஸேரா' எல்லாம் அதில் உண்டு. எதிர்காலத்து நகரத்துக்கு இசை கேட்டபோது, ஊர்த் திருவிழாவின் குரலைக் கொண்டுவந்து வைத்த துணிச்சல் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

யமாஷிரோவின் இயற்பெயர் த்ஸுதோமு ஓஹாஷி. விஞ்ஞானி. தன் இசை எல்பியில் ஒருவிதமாகவும் குறுந்தகட்டில் வேறுவிதமாகவும் இருக்கிறதே என்று யோசித்தவர். குறுந்தகட்டில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. காதுக்குக் கேட்பது 20 வரைதான், அதனால் போதும் என்பது கணக்கு. ஆனால் மூங்கிலும் வெண்கலமும் அதற்கு மேலேயும் அதிர்கின்றன. கேட்கும் ஒலியோடு சேர்ந்து வரும்போது, கேட்காத அந்த மேல் ஒலியும் மூளையைத் தொடுகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் 2000இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒப்புக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். 2009இல் 'அகிரா' ப்ளூ-ரே வந்தபோது ஜப்பானிய ஒலித்தடத்தை 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் கொடுத்தார்கள். 96 கிலோஹெர்ட்ஸ் வரை இடம்.

ராத்திரி எல்பியையும், என் கைபேசியில் இருக்கும் குறுந்தகட்டுப் பிரதியையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். இந்தச் சின்ன பிளேயரை வைத்துக்கொண்டு மேல் அதிர்வைப் பற்றிப் பேசுவது சரியில்லை. ஆனால் வித்தியாசம் இருந்தது. எல்பியில் மூங்கில் அடி விழுந்ததும் அறையில் கொஞ்சம் நின்று போனது. தம்பியும் அதையே சொன்னான். அவனிடம் நான் எதையும் முன்னாடியே சொல்லவில்லை.

ஏழாம் நாள், நவம்பர் 7, நிஷி-கசாய்

காலையெல்லாம் பெட்டி கட்டும் வேலை. எல்பிகளைக் கைப்பையில் நிமிர்த்தி வைத்து, நடுவில் அட்டை. உறைக்குள் தட்டை விட்டு வைத்தால் குலுங்கும்போது தட்டின் விளிம்பே உறையின் தையலைக் கிழித்துவிடும். அதனால் தட்டைத் தனியாக எடுத்து உறைக்குப் பின்னால் வைத்தேன். சோனோஷீட் புத்தகத்துக்கு நடுவே.

மதியம் தம்பி வெளியே போய்விட்டு வந்து ஒரு பையை நீட்டினான். பக்கத்துப் பழைய சாமான் கடையில் மலிவுப் பெட்டியில் கிடந்ததாம், 500 யென். 'ஸ்டார் வார்ஸ்' இரட்டை எல்பி, ஜப்பானியப் பதிப்பு. ஓபி இல்லை. உறையின் மூலை நைந்திருந்தது. தட்டு சுத்தம்.

"நீங்க முதல் நாள் சொன்னீங்கல்ல அண்ணா, அந்த நாலாவது பக்கம். போடுங்க, கேப்போம்" என்றான்.

பிளேயரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். நாலாவது பக்கம்.   தம்பி மகள் மேஜை ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு, வெளியே நீட்டிச் சுற்றும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கடைசிப் போர்' தொடங்கியது. இதைக் குறுந்தகட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 1997இல் வந்த முழுத் தொகுப்பும் என்னிடம் இருக்கிறது. ஆனால் இந்தத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்துதான் கடைக்கார அண்ணன் பதிந்து கொடுத்தார்.

பித்தளை வாத்தியங்கள் மேலே ஏறின. என் வலது கை தானாகவே மேஜை மேல் நகர்ந்தது. பொத்தான் மேலே வந்ததும் கேசட்டைத் திருப்பிப் போடப் பழகின கை.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.